எதிர்நோக்கு என்னும் விண்மீன்

உரைநடை உலகம்

நுழையும்முன்

விழாக்கள் மகிழ்ச்சியின் அடையாளங்கள். ஆனால், வானிலிருந்து குண்டுகள் விழும் காலத்திலும், பிறந்த ஊரைவிட்டு மக்கள் வெளியேறும் காலத்திலும் விழாநாள் வராமல் இருப்பதில்லை. அந்நாளில் மக்கள் என்ன செய்கின்றனர்? விழாவைக் கைவிடுகின்றனரா? துயரத்தை மறந்துவிடுகின்றனரா? இவ்விரண்டும் அல்லாத வேறொரு வழி உண்டா? கிறித்துப் பிறப்பு விழா சுட்டும் நம்பிக்கையைக் கொங்கு மண், ஈழம், ஐரோப்பா ஆகியவற்றின் போர்க்கால வரலாறுகளோடு இணைத்துக் காண்கிறது இப்பாடம்.

மார்கழித் திங்களின் விடியற்காலையில் கொங்குநாட்டுத் தெருக்கள் தனி அழகு பெறுகின்றன. ஒரு வாசலில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரும் பூசணிப்பூவும் இருக்கும். அடுத்த வீட்டு வாசலில் காகித விண்மீன் விளக்கொன்று இரவெல்லாம் எரிந்து ஓய்ந்திருக்கும். கோயம்புத்தூர்ப் பெரியகடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயத்திலும், ஊர்தோறும் உள்ள சிற்றாலயங்களிலும் வைக்கோல் பரப்பிய குடில்கள் எழும். டிசம்பர் 24 ஆம் நாள் நள்ளிரவில் மணி ஒலிக்கும்.

இவ்வமைதியான காட்சிக்குள் ஓர் அமைதியற்ற கதை ஒளிந்திருக்கிறது. அதை அறியாமல் இவ்விழா தரும் நம்பிக்கையின் பொருளை முழுமையாக உணர இயலாது.

கதைக்குள் இருக்கும் துயரம்

கிறித்துப் பிறப்பைக் கூறும் நற்செய்தி நூல்கள் இரண்டு. அவற்றுள் லூக்கா கூறும் பிறப்பு நிகழ்ச்சி, உரோமைப் பேரரசர் அகுஸ்து பிறப்பித்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையோடு தொடங்குகிறது. நிறைமாதக் கருவுற்ற மரியாவும் அவர்தம் துணைவர் சூசையும் பேரரசின் ஆணைக்குப் பணிந்து நெடுவழி நடக்கின்றனர். பெத்லகேமில் அவர்களுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. மத்தேயு எழுதியதோ இன்னும் கொடிய நிகழ்ச்சியைக் கூறுகிறது. தன் அரியணைக்குப் போட்டி பிறந்துவிட்டதென அஞ்சிய ஏரோது மன்னன், பெத்லகேம் பகுதியிலுள்ள இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிடுகிறான். சூசை இரவோடு இரவாகத் தாயையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பிச் செல்கிறார்.

இன்றைய சொல்லில் கூறினால், அக்குடும்பம் ஓர் ஏதிலியர் குடும்பம். இதனைத் திருச்சபை மறைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியில் கிறித்துப் பிறப்பு விழாவுக்கு மூன்றாம் நாளான டிசம்பர் 28, கொல்லப்பட்ட அம்மாசில்லாக் குழந்தைகளின் நினைவு நாளாகும். பிறந்த குழந்தைக்கான தாலாட்டும் இறந்த குழந்தைகளுக்கான ஒப்பாரியும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன.

இக்கதையின் ஆழத்தைத் தமிழில் காப்பியமாக்கியவர் வீரமாமுனிவர். அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்டது. அதன் தலைவர் அரசரோ படைத்தலைவரோ அல்லர். வளன் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற சூசை என்னும் தச்சர். எகிப்துக்குச் சென்ற பயணத்தையும் அங்கு வாழ்ந்த வாழ்வையும் அக்காப்பியம் விரித்துரைக்கிறது. வாளேந்தி வெல்பவரைத் தலைவராகக் கொண்ட காப்பிய மரபில், குழந்தையைக் காக்க ஊரைவிட்டு ஓடியவரைத் தலைவராக்கியது எண்ணத்தக்கது.

எனவே, அமைதிக் காலத்தில் தோன்றிய விழாவொன்றில் போர் இடையே புகுந்தது என்பது பொருந்தாது. இவ்விழாவின் கதையே அச்சத்தின் நடுவில்தான் தொடங்குகிறது.

ஒரு சொல்லின் பயணம்

கிறித்தவ மரபில் மூன்று பண்புகள் முதன்மையானவை. விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவற்றை விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனக் குறிக்கிறது. 1995 ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு எனக் குறிக்கிறது. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த 'நம்பிக்கை', பின்னதில் முதலிடத்துக்கு நகர்ந்தது. அது விட்டுச்சென்ற இடத்தில் 'எதிர்நோக்கு' வந்து அமர்ந்தது.

இம்மாற்றம் வெறும் சொல்மாற்றம் அன்று. எதிர்பார்ப்பு வேறு, எதிர்நோக்கு வேறு. மேகம் கறுத்தால் மழை வருமென்பது எதிர்பார்ப்பு. அதற்குச் சான்று கண்முன் உள்ளது. மேகமே இல்லாத வானத்தின்கீழ் உழவர் ஒருவர் விதைநெல்லைச் சமைத்து உண்ணாமல் காப்பது எதிர்நோக்கு. அவருக்குச் சான்று ஏதும் இல்லை. ஆயினும் அவருடைய செயல் வரப்போகும் மழையை நோக்கியே அமைகிறது. எதிர்நோக்கு என்பது நாளை நடப்பதைக் கணிப்பதன்று. நாளைக்குரிய வாழ்வை இன்றே வாழத் தொடங்குவது.

இக்கருத்து தமிழுக்குப் புதியதன்று. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். போருக்குச் சென்ற தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பதே அது. நப்பூதனார் இயற்றிய முல்லைப்பாட்டில், பெருமுது பெண்டிர் நாழி நெல்லும் முல்லைமலரும் தூவி ஊர்ப்புறத்தே நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது கலங்கும் கன்றிடம், தாய் விரைவில் வந்துவிடுமென ஆயர்மகள் ஒருத்தி கூறும் ஆறுதல்மொழி அவர்கள் செவியில் விழுகிறது. அதனையே தலைவிக்குரிய நற்சொல்லாக அவர்கள் எடுத்துவருகின்றனர். பாசறையில் உள்ள அரசனோ புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணி உறக்கமின்றி இருக்கிறான். வீட்டில் காத்திருத்தலும் களத்தில் கலங்கியிருத்தலும் ஒரே பாட்டில் இணைகின்றன. கிறித்துப் பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலம் என அழைத்துக் காத்திருக்கும் மரபை, முல்லையின் இருத்தலோடு ஒப்பிட்டு உணரலாம்.

பதுங்குகுழிகளுக்கு நடுவே ஓர் இரவு

முதல் உலகப்போர் 1914 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் தொடங்கியது. கிறித்துப் பிறப்பு விழாவுக்குள் போர் முடிந்துவிடுமெனப் பலர் எதிர்பார்த்தனர், அவ்வெதிர்பார்ப்பு பொய்த்தது. டிசம்பரில் பெல்ஜியத்திலும் வடபிரான்சிலும் இரு படைகளும் சேறு நிறைந்த பதுங்குகுழிகளில் எதிரெதிரே கிடந்தன.

டிசம்பர் 24 இரவில், செர்மானியரின் பதுங்குகுழிகள் சிலவற்றின்மேல் சிறு மெழுகுவத்திகள் ஒளிர்ந்தன. விழாப்பாடல்கள் எழுந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாடல்கள் பதிலாக வந்தன. மறுநாள் பல இடங்களில் இருதரப்பு வீரர்களும் இடைப்பட்ட வெற்றுநிலத்தில் சந்தித்துக் கைகுலுக்கினர். புகையிலையும் தின்பண்டமும் பரிமாறிக்கொண்டனர். அங்கே நாள்கணக்கில் கிடந்த தம் தோழர்களின் உடல்களை அடக்கம் செய்தனர். எந்த அரசும் ஆணையிடாத அமைதி அது. பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த கார்வால் ரைபிள்ஸ் வீரர்களும் அதில் பங்குகொண்டனர். இமயமலைச் சிற்றூர்களிலிருந்து சென்ற அவ்வீரர்களுக்கு அது பிறர் சமயத்து விழா. ஆயினும், சுடாதிருத்தல் என்பதன் பொருள் அவர்களுக்கு மொழிபெயர்ப்பின்றியே விளங்கியது.

இந்நிகழ்வை மிகைப்படுத்துதல் கூடாது. எல்லா இடங்களிலும் துப்பாக்கிகள் ஓயவில்லை. இத்தகைய உறவாடலை இருதரப்புத் தலைமைகளும் தடைசெய்தன. அடுத்த மார்ச்சில் நவ் ஷப்பேல் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் கார்வால் வீரர்கள் பலர் மாண்டனர். போர் 1918 நவம்பர்வரை நீடித்தது. எதிர்பார்ப்பின் அளவுகோலால் அளந்தால் அந்த ஒருநாள் அமைதி ஒரு தோல்வியே. ஆனால், எதிரியென்று கற்பிக்கப்பட்டவரும் பசியும் குளிரும் உள்ள மனிதரே என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் அதனைக் கடிதங்களில் எழுதிவைத்தனர். நூறாண்டுகள் கடந்தும் அவ்விரவு நினைக்கப்படுகிறது.

எதிரி நாட்டவர் கட்டிய ஆலயங்கள்

அதே போர் தமிழகத்தையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்னும் செர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. 'எம்டன்' என்பது தமிழில் வழக்குச் சொல்லாகும் அளவுக்கு அச்சம் பரவியது.

அக்காலத்தில் கோயம்புத்தூர் உள்ளிட்ட தமிழக ஊர்கள் பலவற்றில் செர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தோர் ஆலயங்களையும் பள்ளிகளையும் நடத்திவந்தனர். போர் மூண்டதும், மறைப்பணியாளராக அறியப்பட்டவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆயினர். அவர்களுள் பலர் அகமதுநகர் முகாமில் காவலில் வைக்கப்பட்டனர். பின்னர் 1915, 1916 ஆம் ஆண்டுகளில் கோல்கொண்டா என்னும் கப்பலில் செர்மானிய மறைப்பணியாளர் பலர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர்.

விட்டுச்சென்ற ஆலயங்களில் எஞ்சியோர் தமிழ் மக்கள். தங்களுக்குக் கல்வி தந்தவர்களின் நாட்டோடு தங்களை ஆளும் பேரரசு போரிடுகிறது. எவர் வென்றாலும் தங்களுக்கு ஓர் இழப்பு உண்டு. இத்தகைய நெருக்கடியில் வழிபாடும் பள்ளிப் பணியும் தொடர்ந்தன. தமிழ்ப் போதகர்களும் ஆசிரியர்களும் பொறுப்பேற்றனர். போரில் நடுநிலை வகித்த சுவீடன் நாட்டின் திருச்சபை துணைநின்றது. போர் முடிந்த சில திங்களில், 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்ற திருச்சபையாக உருவாயிற்று. 1956 இல் ராஜா பி. மாணிக்கம் அதன் முதல் தமிழ்ப் பேராயரானார்.

போர் நன்மை விளைவித்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பிரிந்த குடும்பங்களின் துயரை எந்த விளைவும் ஈடுசெய்யாது. வெளியிலிருந்து வந்த துணை அறுந்தபோதும் விளக்கை அணையவிடாது காத்தவர்களின் எதிர்நோக்கே இங்கு எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

டீட்ரிக் போன்ஹோஃபர் செர்மனியின் லுத்தரன் போதகர்; இட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1934 இல் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி, அவரோடு தங்கி அறவழிப் போராட்டத்தைக் கற்க விரும்பினார். காந்தியடிகள் இசைந்தும் அப்பயணம் நிறைவேறவில்லை. 1943 இல் கைதான அவர், 1944 டிசம்பரில் பெர்லின் சிறையிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஒரு கவிதையை விழாக்கால வாழ்த்தாக அனுப்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். ஒரு திங்களில் செர்மனி சரணடைந்தது. அக்கவிதை இன்றும் அந்நாட்டு ஆலயங்களில் பாடப்படுகிறது.

நத்தார் என்னும் சொல் வந்த வழி

ஈழத்தமிழர் கிறித்துப் பிறப்பு விழாவை 'நத்தார்' என்பர். போர்த்துக்கீசிய மொழியில் அவ்விழாவைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் சொல்லே தமிழில் நத்தார் ஆயிற்று. ஈழப்போரின் காரணமாகத் தமிழகம் வந்த மக்களோடு இச்சொல்லும் கடல் கடந்தது.

அப்போர் வழிபாட்டிடங்களையும் விட்டுவைக்கவில்லை. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த புனித பேதுரு ஆலயத்தின்மீதும் அதன் சுற்றுப்புறத்திலும் விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் கிறித்தவர்கள் அவ்வாண்டு நத்தாரை இரவல் கூரைகளின்கீழ்க் கண்டனர். 2005 டிசம்பர் 25 இன் தொடக்க வேளையில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நள்ளிரவுத் திருப்பலியின்போதே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். அமைதியின் விழா எனப் போற்றப்படும் இரவே குருதியால் நனைந்தது.

மன்னார் மாவட்டத்து மடு அன்னையின் திருத்தலம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. அங்குள்ள மரியன்னையின் திருவுருவம், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 17 ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டது. இவ்வாறு ஏதிலியாய் வந்த திருவுருவம் நிலைபெற்ற இடமே மடு. 1990 முதல் பல்லாயிரம் மக்கள் அத்திருத்தலத்தில் தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கும் எறிகணைகள் விழுந்து பலர் உயிரிழந்தனர். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது அத்திருவுருவமே மீண்டும் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் மடுவுக்குத் திரும்பியது.

1983 முதல் அலையலையாகக் கடல் கடந்தவர்கள் மண்டபம் வழியாகத் தமிழகத்தின் பல மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டனர். கொங்குநாட்டில் ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர், அரச்சலூர், கோயம்புத்தூர் மாவட்டத்தின் பூலுவப்பட்டி, ஆழியாறு ஆகிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. மலையடிவாரத்திலும் வாய்க்கால் பாசன வயல்களின் அருகிலும், கடலறியாத மண்ணில் கடலோர மக்கள் குடியேறினர். கோயில் பொங்கலும் கந்தசட்டியும் நத்தாரும் அவர்களோடு வந்தன.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இம்முகாம்களை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்டித்தரப்படும் எனவும் அறிவித்தது. ஆயினும், தமிழகத்திலேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் பயின்று, கொங்குத் தமிழைத் தம் தோழர்களிடம் கற்றுக்கொண்ட இளைஞருள் பலர் இன்னும் இந்தியக் குடியுரிமை பெறாதவர்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது; அவர்களுடைய காத்திருப்பு முடியவில்லை. முகாம் வாசலில் ஏற்றப்படும் விண்மீன் விளக்கை வெறும் அலங்காரம் என்று கடந்துவிட முடியாது. ஓர் இடத்தை வீடென்று ஏற்றுக்கொள்ளும் முயற்சி அதில் உள்ளது. அம்முயற்சி நிறைவுறுவது விளக்கேற்றியவர் கையில் மட்டும் இல்லை. அடுத்த தெருவில் வாழ்வோர் கையிலும் உள்ளது.

இடிபாடுகளின் நடுவே குடில்

2023 டிசம்பரில், காசாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது, கிறித்து பிறந்த ஊரெனப் போற்றப்படும் பெத்லகேமில் வழக்கமான கொண்டாட்டங்கள் நிறுத்தப்பட்டன. அங்குள்ள லுத்தரன் ஆலயமொன்றில் வைக்கோல் குடிலுக்கு மாற்றாகக் கற்களையும் இடிபாடுகளையும் குவித்து, அவற்றின் நடுவே குழந்தை இயேசுவின் உருவத்தைக் கிடத்தினர். ஒளிவிளக்குகள் இல்லை, வழிபாடு இருந்தது. விழாவைக் கைவிடாமலும் துயரை மறைக்காமலும் இருக்க வழியுண்டு என்பதற்கு அக்குடில் சான்று.

போர்க்காலத்தில் நம்பிக்கை இருவகையில் தவறலாம். எல்லாம் நன்றாகவே முடியுமென எளிதாகச் சொல்லித் துன்புறுவோரின் அழுகையை அடக்குவது ஒன்று. எதுவும் மாறாதெனக் கைகட்டி நிற்பது மற்றொன்று. எதிர்நோக்கு இவ்விரண்டையும் விலக்குகிறது. இறந்தோரைப் பெயர் சொல்லி நினைக்கிறது. இருப்போருக்கு உணவும் இடமும் தருகிறது. வெற்றுநிலத்தில் கைகுலுக்கிய வீரர்களும், தனித்து விடப்பட்ட ஆலயத்தில் மணியடித்தோரும், மடுவின் மரநிழலில் பிறருக்கு இடம் ஒதுக்கியோரும் போரை நிறுத்தும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. போர் தங்கள் உள்ளத்தையும் வென்றுவிடாமல் காத்தனர். கிறித்தவ மரபு இதனைக் கிறித்துப் பிறப்பின் செய்தியாகக் கொள்கிறது. அம்மரபைச் சாராதோரும், தங்க இடமின்றி வாசலில் நிற்கும் குடும்பத்துக்குக் கதவைத் திறப்பதா என்னும் கேள்வியை அக்கதையிலிருந்து பெறலாம்.

சொல்லும் பொருளும்

ஏதிலியர் – புகலிடம் தேடி வந்தோர். இருத்தல் – ஆற்றியிருத்தல். பாசறை – படைவீரர் தங்குமிடம். விரிச்சி – நற்சொல் கேட்டல். எறிகணை – தொலைவிலிருந்து ஏவப்படும் வெடிகுண்டு. திருப்பலி – கத்தோலிக்க வழிபாடு.

கற்பவை கற்றபின்...

1. எதிர்பார்ப்பு, எதிர்நோக்கு ஆகிய சொற்களின் வேறுபாட்டை உம் ஊர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து வகுப்பில் விளக்குக.

2. உம் பகுதியில் வழங்கும் போர்த்துக்கீசிய மொழிச் சொற்களைத் தொகுத்துப் பட்டியலிடுக.

3. இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்று உம் தெருவில் குடியேறினால் முதல் வாரத்தில் நீவிர் செய்யக்கூடிய உதவிகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.

திறன் அறிவோம்

பலவுள் தெரிக

1. தேம்பாவணியின் காப்பியத் தலைவர்
அ) ஏரோது ஆ) வளன் இ) லூக்கா ஈ) அகுஸ்து

2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) முல்லை – இருத்தல் ஆ) நத்தார் – ஒல்லாந்தர் மொழி இ) எம்டன் – பிரிட்டிஷ் கப்பல் ஈ) மடு – யாழ்ப்பாண மாவட்டம்

குறுவினா

1. டிசம்பர் 28 ஆம் நாள் எதனை நினைவூட்டுகிறது?

2. 'நத்தார்' என்னும் சொல்லின் வரலாற்றைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. முல்லைப்பாட்டில் வரும் விரிச்சி கேட்டல் நிகழ்வை எதிர்நோக்கு என்னும் கருத்தோடு ஒப்பிடுக.

2. முதல் உலகப்போர்க் காலத்தில் தமிழக லுத்தரன் திருச்சபையினர் எதிர்கொண்ட நெருக்கடியை விளக்குக.

நெடுவினா

போர்க்கால விழா துயரை மறக்கும் வழியா, துயரோடு வாழும் வழியா? பாடப்பகுதியின் சான்றுகளைக் கொண்டு உம் கருத்தைக் கட்டுரையாக எழுதுக.